இரண்டு விசிறிக்கு நடுவே ஒரு கதவு

எஞ்சின் சோதனைக்கூடத்தின் தலைவி செண்பகவல்லிக்கு ஒரு மாணவர் இருந்தார். பெயர் ஞானசிகாமணி. மாணவர் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர், தலை பாதி நரைத்தவர். எஞ்சினை முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவராகவே வந்து அவளிடம் சேர்ந்தார்.

அந்த ஜெட் எஞ்சினுக்கு இரண்டு விசிறி. முன்னால் இருக்கும் பெரியது காற்றை இழுத்துத் தள்ளும். பின்னால் இருக்கும் சிறியது அதை வாங்கி இன்னும் அழுத்தும். நடுவே ஒரு கதவு. நிதானமாகப் பறக்கும்போது கதவு திறந்திருக்கும். மிச்சக் காற்று பக்கக் குழாய் வழியே போய்விடும். வேகம் வேண்டுமென்றால் கதவை மூட வேண்டும். அப்போது வருகிற காற்று அத்தனையும் பின் விசிறிக்குள்தான் போயாக வேண்டும்.

அங்கேதான் வினை. கதவை மூடிய இரண்டு தடவையும் 'டமார்' என்று காற்று திருப்பி அடித்து, முன் விசிறியின் தகடுகள் நொறுங்கின. அது ஞானசிகாமணி பதினோரு வருஷம் பாடுபட்டுச் செய்த விசிறி. மிச்சம் ஒரே ஒரு செட் தகடு. அதுவும் போனால் திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார்கள்.

கூட்டத்தில் மனுஷன் கொதித்துவிட்டார். "என் விசிறி ஒழுங்காத்தான் தள்ளுது. பின்னாடி இருக்கறதுதான் வாங்க மாட்டேங்குது!"

பின் விசிறியைச் செய்த மெகருன்னிசா எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் அவர் குருவிடம் கேட்டார். "நீங்களே சொல்லுங்க மேடம். தப்பு எந்த விசிறியில?"

"நாளைக்குக் காரை விட்டுட்டு ஆபீஸ் பஸ்ல வாங்க சார்."

மறுநாள் ஆபீஸுக்கு முந்தின கடைசி நிறுத்தத்தில் பஸ் ஏற்கனவே பிதுங்கிக்கொண்டு வந்தது. அங்கே இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். ஞானசிகாமணிக்குப் படிதான் கிடைத்தது. டிரைவர் பக்கத்தில் செண்பகவல்லி நின்றிருந்தாள்.

"கதவை மூடுங்க, சடையாண்டி."

கதவு அவர் முதுகில் வந்து இடித்தது. "ஐயோ மேடம், முதுகு!"

"முன்னாடி தள்ளுங்க சார்."

தள்ளினார். முன்னால் நின்றவர் அதே வேகத்தில் அவர்மேல் சாய்ந்தார். "இடிக்காதீங்க சார்! நாங்க எங்கே போறது?"

"பின்னாலேயே ஒரு வேன் வருமே, இடம் இல்லாதவங்க அதுல வருவாங்களே, எங்கே அது?" என்று கேட்டார் இன்னொருவர்.

"நான்தான் இன்னைக்கு வேண்டாம்னேன்" என்றாள் செண்பகவல்லி.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சார் படியில நிக்கிறாரு பாருங்க. எல்லாரும் ஆளுக்கு ஓரடி உள்ளே வாங்க." மெகருன்னிசா. முதலில் அவளே நகர்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் நகர்ந்தார்கள். அவள் கையை நீட்டி அவருடைய டிபன் கேரியரையும் வாங்கிக்கொண்டாள். அவர் மேலே ஏறினார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

இறங்கியதும் நேராக மெகருன்னிசாவின் மேஜைக்குப் போனார். எஞ்சின் கதவை எப்போது மூட வேண்டும் என்ற கணக்கை எழுதியது அவர்தான். அதில் அவர் பார்த்தது முன் விசிறியின் வேகத்தை மட்டும்.

"கதவு மூடறதுக்கு முன்னாடியே உங்க விசிறியில காத்து நுழையற வாய்த் தகடுகளை அகலமாத் திறந்து வைக்க முடியுமாம்மா?"

"தாராளமா சார். ரெண்டு செகண்ட் முன்னாடி சொன்னாப் போதும். இதுவரை யாரும் கேக்கலை."

அவருக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்துகொண்டே கணக்கை மாற்றி எழுதினார். டிபன் கேரியர் ஞாபகமே வரவில்லை.

அன்று மத்தியானம் சோதனை. பின் விசிறியின் வாய் முதலில் விரிந்தது. பிறகு கதவு மூடியது. ஞானசிகாமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வெடிக்கவில்லை. எஞ்சின் குரல் மட்டும் கனத்து, ஒரே சீராக ஓடியது. ஒரு தகடுகூடச் சேதமில்லை.

சாயங்காலம் குருவின் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷம் மேடம்... நீங்க மட்டும் இல்லேன்னா எல்லாம் போயிருக்கும். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நான் கதவை மூடச் சொன்னவ சார்" என்றாள் செண்பகவல்லி. "உங்க டிபன் கேரியரை வாங்கிக்கிட்டவங்க இன்னும் வீட்டுக்குக் கிளம்பலை. போங்க."