இரும்பரக்கன், மூன்றாம் பாகம்

மாங்கோட்டை ராஜா இடிமுழக்கவர்மனுக்கு ராஜ்யம் ஆளத் தெரியுமோ என்னவோ, கூத்து எழுதத் தெரியும் என்று ஒரு நினைப்பு. காலஞ்சென்ற அவர் அப்பா 'இரும்பரக்கன்' என்று இரண்டு பாகம் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஏதோ ஒரு நட்சத்திர உலகத்து உலையில் வார்த்த, கண்ணால் நெருப்புக் கக்கும் இயந்திர அரக்கனின் கதை. ஊரே பைத்தியமாகப் பார்த்தது. மகன் சும்மா இருப்பாரா? மூன்றாம் பாகம் எழுதி மேடையேற்றிவிட்டார்.

ஒரே வெடி. வெடிக்கு நடுவே கொஞ்சம் வசனம். கடைசியில் கதாநாயகன் காலத்தேரில் ஏறிப் பழைய காலத்துக்குப் போய், அரக்கனை வார்ப்பதற்கு முன்பே உலையை உடைத்துவிடுகிறான். சுபம்.

எந்தப் பாகம் சிறந்ததோ அதில் கட்டிய வேஷக் கிரீடத்துக்கு மாலை போடுவது அந்த ஊர் வழக்கம். மூன்று கிரீடங்களும் வரிசையாக இருந்தன. மந்திரி அனந்தகோபன் எழுந்தார். சபையின் வாயாடி செங்கோடன்மேல் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"மாலையைச் செங்கோடனே போடட்டும், மகாராஜா!"

செங்கோடன் இரண்டு பக்கமும் பார்த்தான். இந்தப் பக்கம் மீசையை முறுக்கும் ராஜா. அந்தப் பக்கம், புருஷன் கூத்தை ஒரு சொல் குறைத்தாலும் நாடு கடத்திவிடும் ராஜமாதா. எதற்குப் போட்டாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மெதுவாக நடந்தான். மூன்றாவது கிரீடத்துக்குப் போட்டான்.

"ஏன்டா, எங்க வீட்டுக்காரர் எழுதினது மட்டமா?" ராஜமாதா சீறினாள்.

"ஐயோ தாயே! போட்டியில் இருப்பதே ஒன்றுதானே? அரக்கனை வார்க்கவே இல்லை என்று மகாராஜாவே முடித்துவிட்டார். இல்லாதவன் முதல் பாகத்தில் எப்படி வருவான்? இரண்டாவதில் எப்படிச் சாவான்? இரண்டும் நடக்கவே இல்லை. ஆடாத கூத்து எப்படித் தோற்கும்?"

ராஜமாதாவின் கோபம் தணிந்தது. ராஜா பூரித்துப்போனார்.

"உளறாதே! இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்!" மந்திரி குதித்தார்.

"நடக்காததெல்லாம் மந்திரி கண்ணுக்குத் தெரிகிறதாம். யாராவது வைத்தியரைக் கூப்பிடுங்கள், பாவம்."

சபை கொல்லென்று சிரித்தது.

"பிழைத்தாய் போ! என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"நாலாம் பாகம் எழுதுவீர்கள்தானே, மகாராஜா?"

"பின்னே?"

"அதில் காலத்தேரை நம் அரண்மனைப் பக்கம் ஓட்டச் சொல்லுங்கள். மூன்றாம் பாகம் எழுதத் தாங்கள் எழுத்தாணியை எடுத்த நேரத்துக்குப் போய், அதைப் பிடுங்கிக்கொண்டு வரட்டும். பெரியவர் கூத்து இரண்டும் திரும்பக் கிடைத்துவிடும்."

ராஜமாதாதான் முதலில் சிரித்தாள். ராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்து, இடுப்பில் செருகியிருந்த எழுத்தாணியை உருவிச் செங்கோடனிடமே பரிசாகக் கொடுத்துவிட்டார்.

மாங்கோட்டை தப்பித்தது.