முள் ஓடும் தூரம்

நாகர்கோவிலில் வீடியோ வெட்டி ஒட்டுவதில் ரெக்சலினை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த தாணுலிங்கம் அண்ணாச்சியோ ஐம்பதைத் தாண்டியவர். கல்யாண வீடுகளில் போட்டோ பிடித்தே தலை நரைத்து, இப்போதுதான் வீடியோ வெட்டப் பழகுகிறார்.

ஒருநாள் காலை லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி ஓடிவந்தார்.

"டீச்சரே, மானம் போகப்போகுது. இதுக்கு எந்த டிஸ்க் வாங்கிப் போடணும், சொல்லுங்க."

"என்ன செய்யுது?"

"திக்குது. மாப்பிள்ளை தாலியை எடுக்காரு... எடுக்... எடுக்... எடுக்..." கழுத்தை வெட்டி வெட்டி நடித்தே காட்டினார். ரெக்சலினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கடையில என்ன சொன்னாங்க?"

அண்ணாச்சி மூக்கால் பேசினார், கடைக்காரனே வந்து நின்றதுபோல. "'சார், ஹார்ட் டிஸ்க்னா நெறைய கொள்ளும், மெதுவா போகும். அதே காசுக்கு எஸ்எஸ்டின்னா கொஞ்சந்தான் கொள்ளும். ஆனா பறக்கும் சார், பறக்கும்!' எதை வாங்க, எதை விட?"

"அப்படி என்ன அவசரம்?"

குரல் அவருடையதாகிவிட்டது. "பொண்ணோட அப்பா பக்கவாதத்துல கெடக்காரு. மண்டபத்துக்கு வர முடியல. சாயங்காலம் கட்டில் பக்கத்துல வச்சுக் காட்டுதேன்னு வாக்குக் கொடுத்திட்டேன். மக கல்யாணத்தை அவர் பாக்கப்போறது இதுலதான்."

ரெக்சலின் அலமாரியிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்தார். மூடி கழற்றியது, பாடம் நடத்த மட்டும் வைத்திருந்தது. அண்ணாச்சியின் படத்தில் ஒரு பகுதியை அதில் ஏற்றி ஓடவிட்டார்.

"திரையைப் பாக்காதீங்க. இதைப் பாருங்க."

கண்ணாடிபோல ஒரு தட்டு சுழன்றது. அதன்மேல் கடிகார முள்போல மெல்லிய ஒன்று. பூ விழுவது தட்டில் ஓரிடம், நாதஸ்வரம் ஓரிடம், மாமியார் சிரிப்பு வேறோரிடம். இமைக்கும் நேரத்துக்கு ஒரு காட்சி என்று அண்ணாச்சி ஒட்டித் தள்ளியிருந்தார். ஒவ்வொன்றையும் எடுக்க முள் ஓடியது. ஓடிய ஓட்டத்தில் முள்ளையே காணோம். தட்டின்மேல் கொஞ்சம் புகை நிற்பதுபோல இருந்தது.

அண்ணாச்சி தட்டின்மேல் குனிந்தார்.

"இவ்வளவையும் இதுவா ஓடி ஓடிப் பொறுக்குது?"

"ஆமா."

"சனியனேன்னு திட்டினேனே, டீச்சரே. ஓங்கி ஒரு அடிகூடப் போட்டேன்."

ரெக்சலின் அடுத்ததை ஏற்றினார். தாலி கட்டும் காட்சியை, அண்ணாச்சி கேமராவில் பிடித்தபடியே, ஒரு வெட்டும் இல்லாமல் ஓடவிட்டார்.

புகை கலைந்தது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. தட்டு மட்டும் அதன் கீழே சுழன்றது.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். தாலி ஏறும்போது மணப்பெண் தலையை லேசாக நிமிர்த்தி, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடி குனிந்துகொண்டாள். அவரே பிடித்ததுதான். வெட்டும்போது கண்ணில் படவேயில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "எந்த டிஸ்க், டீச்சரே?"

"எஸ்எஸ்டியே வாங்குங்க. அதுல முள்ளே கிடையாது. வெட்டுற வேலையை அதுல வச்சுக்கிடுங்க, முடிஞ்சதை உங்க பழைய ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க."

"அப்போ நான் ஒட்டினபடியே இருக்கட்டும். திக்காதுல்லா?"

"லேப்டாப் திக்காது."

அண்ணாச்சி எழுந்தார்.

"அந்த அப்பாவோட கண்ணுக்குள்ளயும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முள்ளு ஓடுமே, அண்ணாச்சி. அதைக் கழட்டிட்டு எதை மாட்டுவீங்க?"