ஹாலுக்கும் கொஞ்சம் குளிர்

ஏசி நின்றுபோன இரவில்தான் அந்தச் சத்தம் முதன்முதலாக மெரிட்டாவின் காதில் விழுந்தது. ஏசி ஓடிய இரவுகளில் அதன் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

தரையில் எதையோ இழுப்பது போன்ற சத்தம். சற்று இழுபடும். நிற்கும். பிறகு மறுபடியும் சற்று. எலி அல்ல. எலி இவ்வளவு யோசிக்காது.

அவள் எழுந்திருக்கவில்லை. குழந்தையின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். காதோரம் வியர்வை இறங்கியது. துடைத்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

விடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிஸ்டரைப் பார்க்கப் போனாள்.

சிஸ்டர் கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. உடுப்பு மாறியது, கூப்பிடும் பெயர் மாறவில்லை. தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் இருந்தார். சாயங்காலங்களில் சில பெண்கள் அங்கே வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "சும்மா இருக்கப் படிக்கோம்" என்பார்கள். மெரிட்டாவும் அவர்களில் ஒருத்தி. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த பிலோமி இன்னொருத்தி.

"ஒரு கேள்வி, சிஸ்டர்."

"உக்காரு."

அங்கே இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மெரிட்டா சுவரோரம் கிடந்ததில் உட்கார்ந்தாள்.

"பழைய ஏசிய ரிப்பேர் பண்ணுததா, புதுசு வாங்குததா?"

பிலோமி விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஏட்டி, இங்க ஃபேன மூணுல வெச்சாலே கழண்டு விழுத மாதிரி ஆடுது. இவங்ககிட்ட வந்து ஏசியக் கேக்கியே!"

"பிலோமி, கீழ பால்காரர் வந்துட்டாரான்னு பாரு," என்றார் சிஸ்டர்.

"வந்து, காய்ச்சி, குடிச்சும் ஆச்சு."

"அப்ப டம்ளரக் கழுவு."

பிலோமி போனாள்.

"மெக்கானிக் என்ன சொன்னார்?"

"நேத்து சாயங்காலம் வந்தார். கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னேன். 'தீருததுக்கு இது அடுப்பு கேஸா? இது தீராது, வெளிய போகுது'ன்னார். உப்புக்காத்து ஏசியோட செம்புக் காயிலத் தின்னுருச்சாம். ஊசி முனை மாதிரி ஓட்டை. கேஸ் ஏத்தினா கொஞ்ச நாள் நிக்கும், பிறகும் போகும்ங்காரு. காயில மாத்தணும்னா பாதி புது ஏசி விலை."

"இதுவரைக்கும் என்ன செஞ்ச?"

"கேஸ்தான் ஏத்திக்கிட்டே இருக்கேன். வளையல் போச்சு. பிள்ளையோட காப்பு போச்சு." கழுத்தைத் தொட்டாள். "இப்ப இது ஒண்ணுதான்."

தாலிச் செயின்.

அவள் கணவன் வியானி கப்பலில் வேலை பார்த்தான். "அவன் பணம் அனுப்பலியா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அத்தான் பேருக்குத்தான் அனுப்புதாங்க." அத்தான் என்றது வியானியின் அண்ணனை. "அத்தான்கிட்ட கேட்டா, 'உன் ரூம் ஏசி, உன் செலவு'ங்காங்க."

"ஒரு ரூம் குளிர இவ்வளவு பாடா?"

"ரூமுக்கு மட்டும் இல்ல, சிஸ்டர். ராத்திரி கதவு திறந்துதான் கிடக்கும். 'ஹாலுக்கும் கொஞ்சம் குளிர் வரட்டும்'னு மாமி சொல்லிட்டாங்க. ஒரு ஏசி இருக்கிற வீட்டுல எல்லாம் அப்படித்தான?"

"அப்படித்தான். ஹால்ல யாரு?"

"மாமி அடுக்களைப் பக்கம் பாயப் போட்டுப் படுத்துருவாங்க. மாத்திரை போட்டா விடியுற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. அத்தானுக்கு உறக்கம் கிடையாது, அவங்க சம்சாரம் கோவிச்சுட்டுப் போனதுலருந்தே. நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பாங்க."

"எங்க?"

மெரிட்டா குழந்தையை ஒரு தொடையிலிருந்து இன்னொரு தொடைக்கு மாற்றினாள்.

"ஏசி நல்லா ஓடுனா டிவி பக்கத்துல. அங்க வரைக்கும் குளிர் எட்டும். கேஸ் குறையக் குறைய, குளிர் வர்ற இடத்துக்கு வருவாங்க."

"கதவுக்கு."

"ஆமா. கேஸ் ஏத்தின அன்னைக்கு நாற்காலி மறுபடியும் டிவி பக்கம் போயிரும்."

சிஸ்டர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைகளைப் பிடித்து, எழுந்திருக்காமலே சற்று முன்னால் இழுத்துப் போட்டார்.

மெரிட்டா நிமிர்ந்தாள்.

"கம்ப்ரசர் எப்படி இருக்காம்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அது நல்லாருக்காம்."

நாற்காலி இன்னும் சற்று நகர்ந்தது.

"எப்ப வாங்கினது?"

"கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்தது."

இன்னும் சற்று. முழங்காலோடு முழங்கால் முட்டியது. மெரிட்டா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் நாற்காலியின் முதுகு சுவரில் இடித்தது. அதற்கப்புறம் போக இடமில்லை. குழந்தை கையை நீட்டி சிஸ்டரின் கண்ணாடியைப் பிடித்தது.

"சிஸ்டர்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கு அங்க காத்து வரல. அதான்."

"சரி, சிஸ்டர்."

"தள்ளி உக்காருங்கன்னு ஏன் சொல்ல மாட்டேங்குத?"

"நீங்க பெரியவங்க. காத்துக்குத்தான வந்தீங்க? எப்படிச் சொல்ல?"

சிஸ்டர் குழந்தையின் விரல்களிலிருந்து கண்ணாடியை விடுவித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் போட்டார்.

"ஒரு நாற்காலியத் தள்ளி வைக்க இவ்வளவு செலவா, மெரிட்டா?"

மெரிட்டாவின் முகம் சிவந்தது. "அத்தான் ஒண்ணும் செய்யல, சிஸ்டர்."

"செஞ்சார்னு நான் சொன்னேனா?"

"ஒரு வார்த்தை தப்பாப் பேசினது கிடையாது. புழுக்கம் தாங்காம வாராங்க. எல்லாருக்கும் புழுக்கம்தான?"

"எல்லாருக்கும்தான்."

கீழே மீன் ஏற்றிய வண்டி ஒன்று ஐஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டு போனது.

"நேத்து ராத்திரி ஏசி ஓடுச்சா?"

"இல்ல."

"ரூமுக்குள்ள குளிர் இருந்துச்சா?"

"எங்க? ஹாலவிட உள்ளதான் வெக்கை."

"காலையில நாற்காலி எங்க கிடந்துச்சு?"

மெரிட்டா குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். ஒதுக்கிய முடியையே மறுபடி ஒதுக்கினாள்.

"நிலைக்கு உள்ள," என்றாள். "கட்டிலுக்குப் பக்கத்துல."



மெரிட்டா தானாகவே தொடர்ந்தாள். "கதவச் சாத்தினா ஏன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல? 'எம் மவனப் பத்தி என்னட்டி நெனச்ச'ன்னு மாமி ஊரக் கூட்டிருவாங்க. கப்பலுக்கு ஃபோன் போட்டுச் சொன்னா, 'எங்க அண்ணனையா'ம்பாங்க இவங்க. நடக்காத ஒண்ண எப்படி சிஸ்டர் சொல்லுவேன்?"

சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் சொன்னார்னு சொல்லட்டுமா?" மெரிட்டாவின் குரல் மாறியது. "கதவத் திறந்து வெச்சா கம்ப்ரசர் போயிரும்னு நேத்து அவரே சொன்னார். பொய்யும் இல்ல. செயின அடகு வெச்சு காயில மாத்திருதேன். அன்னையிலருந்து சாத்திக்கிடுதேன். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"நல்ல காரணம்," என்றார் சிஸ்டர்.

மெரிட்டா மூச்சை விட்டாள்.

"ஏசி ஓடாத ராத்திரிக்கு என்ன காரணம் சொல்லுவ?"

மெரிட்டாவின் கை கழுத்துச் செயினுக்குப் போய் நின்றது.

ஈர டம்ளரோடு பிலோமி உள்ளே வந்தாள். "என்ன, புதுசே வாங்கச் சொல்லிட்டாங்களா?"

மெரிட்டா குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று அவள் அடகுக் கடைக்குப் போகவில்லை. மெக்கானிக்கையும் கூப்பிடவில்லை.

இரவில் காற்று அசையவே இல்லை. மாமி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். மெரிட்டா ஜன்னலை அகலத் திறந்தாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டாள். நாற்காலியைத் தூக்கி ஹாலில் வைத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் அசையவில்லை. வெகுநாளாக யாரும் தொடாததால் உப்புக்காற்றில் இறுகியிருந்தது. உள்ளங்கையால் அடித்தாள்.

"மெரிட்டா." கதவுக்கு மிக அருகில் அத்தானின் குரல் கேட்டது. கோபமில்லாத குரல். "ஏசியே ஓடல. எதுக்கும்மா கதவச் சாத்துத? உள்ள வெந்துருவ."

மறுபடி அடித்தாள்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டும்மா. என்னான்னாவது சொல்லேன்."

அவள் எதுவும் சொல்லவில்லை. கையில் தோல் உரிந்த இடத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்து, நிலைக்குள் இறங்கியது.