மரமேறும் வாத்தியார் வேலை

ஒரு காட்டில் செந்நாய்த் தொல்லை அதிகம். செந்நாய்க்கு மரம் ஏற வராது, குழந்தைகளே. அதனால் குட்டிகளுக்கு மரமேறக் கற்றுக்கொடுக்க அங்கே அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. பழைய வாத்தியாரான கருங்குரங்கு ஓய்வு பெற்றதும் அறிவிப்பு வந்தது.

"ஆலமரம் ஏறித் தேறியவர்கள் மட்டும் மனுப் போடலாம்."

மரநாய்க்கு வயிறு எரிந்தது. அது பனைமரம் ஏறியே வளர்ந்த பிராணி. கிளையே இல்லாத பனையில் ஏறுகிறவனுக்கு, விழுது விழுதாகத் தொங்கும் ஆலமரம் எம்மாத்திரம்? ஆனாலும் வேலை அணிலுக்குப் போய்விட்டது. போதாததற்கு, மரநாயின் குட்டியே அந்தப் பள்ளியில்தான் படித்தது.

"என்ன மரநாயண்ணே, இந்த வருஷம் பனம்பழம் நல்ல விளைச்சலா?" என்று அணில் வாலை ஆட்டிக் கேட்டது.

அந்தக் கேள்வியை மரநாய் மறக்கவே இல்லை. நேரே நரி வக்கீலிடம் போனது.

"உங்களுக்கு வேலை வேண்டுமா, இல்லை அணிலுக்கு வேலை போக வேண்டுமா? எதை முதலில் கேட்கலாம்?" என்றது நரி.

மரநாய் யோசிக்கவே இல்லை. "முதலில் அவன் இறங்கட்டும்!"

நீதிபதி யானை, மரநாய் கேட்டபடியே தடை போட்டது. "வழக்கு முடியும்வரை இந்தக் காட்டில் யாரும் யாருக்கும் மரமேறக் கற்றுக்கொடுக்கக் கூடாது."

அணில் இறங்கியது. அன்று மரநாய் வயிறு நிறையச் சாப்பிட்டது.

பனையும் ஆலும் இணையா? இதுதான் வழக்கு. யானைக்கு மரத்தை முறிக்கத் தெரியும், ஏறத் தெரியாது. ஆகவே நிபுணர் குழு அமைத்தது. ஆமை தலைவர். எருமையும் பன்றியும் உறுப்பினர்கள்.

குழு இரண்டு மரத்தடியிலும் படுத்துப் பார்த்தது. "ஆலின் நிழல் பெரிது, பனையின் நிழல் சிறிது. ஆகவே இணை இல்லை" என்றது ஆமை.

"ஏறிப் பார்த்தீரா ஐயா?" என்று மரநாய் கத்தியது.

"நிபுணரை எதிர்த்துப் பேசாதே!" என்றது யானை.

நரி காதோடு சொன்னது: "விடுங்கள். அணில் ஆலமரத்து உச்சிவரை போனதற்குச் சாட்சி கிடையாது. அதைப் பிடிப்போம்."

பிடித்தார்கள். அணில் மட்டும் சும்மா இருக்குமா? "மரநாய் கள்ளுக்காகப் பனை ஏறுகிறது. அதெல்லாம் ஏற்றத்தில் சேராது" என்று எதிர்மனுப் போட்டது. வாய்தா மேல் வாய்தா. மழைக்காலம் வந்து போனது. குட்டிகள் தரையிலேயே வளர்ந்தன.

கடைசியில் யானைக்குச் சலித்துவிட்டது. "மரம் ஏறுகிறவரை வைத்தால் எந்த மரம் என்று சண்டை வருகிறது. எந்த மரமும் ஏறாத ஒருவர் இருந்தால் சண்டையே இல்லை."

ஆமை தலையை மெல்ல வெளியே நீட்டியது. "அடியேன் இருக்கிறேன்."

அணிலின் நியமனம் ரத்தானது. வேலை ஆமைக்குப் போனது. ஆமையைத் தவிர வேறு யாரும் பாடம் சொல்லக் கூடாது என்றும் தீர்ப்பில் இருந்தது.

"போகட்டும், அவனுக்கும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு மரநாய் சந்தோஷமாக வீட்டுக்குப் போனது.

ஒரு மத்தியானம் செந்நாய்கள் வந்தன. பனை உச்சியிலிருந்து அவற்றைப் பார்த்த மரநாய், "ஏறுடா கண்ணு, ஏறு!" என்று அலறியது.

ஆலமரத்தடியில் குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "பயப்படாதீங்க அப்பா! வாத்தியார் எல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்" என்றது மரநாயின் குட்டி. பிறகு, ஆமை காட்டித் தந்தபடியே தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

ஆமையும் தலையை இழுத்துக்கொண்டது. அதற்கு ஓடு இருந்தது.

நீதி: தனக்குக் கிடைக்காத வேலை அடுத்தவனுக்கும் கிடைக்கக் கூடாது என்று வழக்காடுகிறவன், ஒன்றும் தெரியாதவனுக்கே அதை வாங்கிக் கொடுப்பான்.