வாங்காத அடி

தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த கரிசல் ஊர் ஒன்றில் ஒரு ஹாக்கி மைதானம் இருந்தது. ஊருக்கு மழை இல்லாவிட்டாலும் ஹாக்கி உண்டு. ஒருநாள் அந்த ஊர் அணி தன் ஆட்டக்காரன் ஒருவனை நகரத்து அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து ஒருவனை எடுத்துக்கொண்டது.

கொடுத்தது இசக்கிராஜாவை. இருபது வயது, பின்னால் நின்று கோலைக் காக்கிறவன். எடுத்துக்கொண்டது ஜெபஸ்டினை, முன்னால் பாய்ந்து கோல் போடுகிறவன்.

மைதானத்தில் மூன்று பேருக்கு அன்றிலிருந்து இதே பேச்சு. ஆட்கள் உட்காரும் காலரியில் முழங்கும் டிரம், மூலையில் நிற்கும் ஸ்கோர் போர்டு, வடக்குக் கோலின் பலகை. வலைக்குள்ளே தரையோரம் முழங்கால் உயரத்துக்கு இருக்கிற மரப்பலகை அது. பந்து அதில் வந்து மோதினால் கோல்.

"நல்ல மாத்துதான்" என்றது டிரம். "மூணு வருசம் ஆடுனான். அவனுக்காக ஒருவாட்டியாவது நான் சத்தம் போட்டிருப்பனா?"

"என்கிட்டயும் அவன் பேரு ஏறல" என்றது ஸ்கோர் போர்டு. அது எதையும் எண்ணாமல் நம்பாது. "ஒரு கோல் கெடையாது. எதை வச்சு அவன நல்ல ஆட்டக்காரன்னு சொல்ல?"

பலகை மெதுவாகச் சொன்னது: "எதிராளி அடிச்ச பந்து ஒண்ணுகூட மூணு வருசமா என் இடது மூலையைத் தொடல, அண்ணாச்சி. நான் வாங்காத அடியெல்லாம் அவன் மட்டையில வாங்குனது."

"வாங்காத அடிய நான் எப்படி எண்ண?"

டிரம் சிரித்தது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவன் காலரிய நிமிந்துகூடப் பாக்க மாட்டான். ஆட்டம் முடிஞ்சதும் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போயிருவான்."

பலகைக்கு அது தெரியும். இன்னொன்றும் தெரியும். தப்புக்குத் தண்டனையாக எதிரணி கோலை நோக்கி அடிக்கிற பெனால்டி கார்னர் வந்தால் இசக்கி கோல் கோட்டில் வந்து நிற்பான். விசிலுக்கு முன்னால் மட்டையால் பின்பக்கம் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவான். 'நான் இருக்கேன்' என்று பலகை அதற்கு அர்த்தம் வைத்திருந்தது. அவன் போனபிறகு அதை யாரும் தட்டவில்லை. அதற்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

"இறுதி ஆட்டத்துக்கு அந்த அணியோட இங்கதான் வாரான்" என்றது பலகை. "ஒருவாட்டி அவனுக்காக முழங்கேன். தனக்குன்னு அவன் ஒன் சத்தத்தக் கேட்டதே இல்ல."

"கோல் போடாதவனுக்கு முழங்குற வழக்கம் நம்ம ஊர்ல கெடையாது" என்றது டிரம். "அதுலயும் இப்ப அவன் எதிராளி."

இறுதி ஆட்டத்தன்று காலரியில் இடமில்லை. டிரம் பூலோகம் என்பவரின் மடியில் உட்கார்ந்திருந்தது. பூலோகம் தீப்பெட்டி லோடு வண்டி ஓட்டுகிறவர். கோல் விழுந்தால் அடிப்பது அவர் கைதான்.

முதல் பாதியில் ஊர் அணி வடக்குக் கோலைக் காத்தது. இருபதாவது நிமிடம் எதிரணிப் பந்து ஒன்று இடது பக்கமாகப் புகுந்து வந்தது. இசக்கி நிற்கிற இடத்தில் ஆள் இல்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக எதிராளியின் அடி பலகையின் இடது மூலையில் விழுந்தது. ஸ்கோர் போர்டு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று காட்டியது. காட்டிவிட்டு வழக்கம்போல் வியாக்கியானம் எதுவும் சொல்லவில்லை.

பாதி முடிந்ததும் பக்கம் மாறினார்கள். இப்போது அதே வடக்குக் கோலைக் காக்க இசக்கி வந்தான், நகரத்து அணியின் நீலச் சட்டையோடு.

ஸ்கோர் மாறாமலே வந்த கடைசி நிமிடம் ஊர் அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. காலரி எழுந்து நின்றது. இசக்கி கோட்டில் வந்து நின்றான். மட்டை பின்னால் போயிற்று. டொக், டொக்.

பலகைக்கு என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அடி விழுந்தால் ஊர் தப்பிக்கும். விழாவிட்டால் இசக்கி ஜெயிப்பான். இரண்டும் அதற்குத் தன் பிள்ளைகள்தான். அது கண்ணை மூடிக்கொண்டது.

ஜெபஸ்டின் பலமாகத்தான் அடித்தான். இடது மூலைக்கே வந்தது. நின்றபடி இசக்கி மட்டையைக் கொண்டுவர நேரமில்லை, காலைத்தான் கொடுக்க முடியும். ஆனால் பந்து காலில் பட்டால் தப்பு, ஊர் அணிக்கு இன்னொரு வாய்ப்புப் போய்விடும். அவன் தரையில் விழுந்து மட்டையை நீட்டினான். பந்து அதில் பட்டு வெளியே தெறித்தது. ஆட்டம் முடிந்த நீண்ட விசில் ஒலித்தது.

ஊர் தோற்றது. "இத்தன நாளும் இவன் நம்மகிட்டல்ல இருந்தான்" என்று காலரியில் யாரோ சொன்னார்கள்.

"எண்ணுனீயளா அண்ணாச்சி?" என்றது டிரம்.

"எண்ணிட்டேன்" என்றது ஸ்கோர் போர்டு. "எங்க போடன்னுதான் தெரியல."

இசக்கி எழுந்தான். முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. பழைய வீட்டைவிட்டுப் போகிறவன் வாசல் நிலையைத் தொடுவதுபோல் பலகை அருகே ஒரு கணம் நின்று, மட்டையால் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு வழக்கம்போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான்.

அப்போது காலரியிலிருந்து இரண்டு முழக்கம் கேட்டது.

பூலோகத்தின் பக்கத்திலிருந்தவர் திரும்பினார். "தோத்துப் போய்க் கெடக்கோம். எதுக்குவே அடிக்கீரு?"

பூலோகம் துண்டைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "நான் எங்கவே அடிச்சேன்?"

இசக்கி நின்றான். மூன்று வருடமாக நிமிராத தலை நிமிர்ந்தது.