தையல் வெளியே தெரிந்த அங்கி

முன்னொரு காலத்தில், மஞ்சளாறு ஓடுகிற சீமையை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒருவனுக்கு முத்துமாலை போடுவான். மத்தியானம் அதே ஆளைக் கழுதைமேல் ஏற்றச் சொல்வான். ஏன் இப்படி என்று யாருக்கும் தெரியாது. ராஜாவுக்கு மட்டும் தெரியும். உடம்பெல்லாம் அரிப்பு!

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. சிம்மாசனத்தில் இருக்கும்போது ராஜா உடம்பைச் சொறிந்தால் அந்த வருஷம் மழை பொய்த்துவிடும் என்பார்கள். அதனால் சரிகை அங்கியின் தையல் கழுத்தை அறுத்தாலும் சரி, வலத்தோளில் பழைய ஈட்டிக் காயத்தின்மேல் முடிச்சு குத்தினாலும் சரி, பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே வந்தவன்மேல் எரிந்து விழுவான்.

ஒருநாள் சீராயி என்ற தையல்காரி சபைக்கு வந்து, மூட்டையை அவிழ்த்து ஓர் அங்கியை விரித்தாள். சபை கொல்லென்று சிரித்தது. தையலெல்லாம் வெளிப்பக்கம் இருந்தது. கழுத்தோரத்தை மடித்துத் தைக்காமல் விட்டிருந்ததால் நூல் நூலாகத் தொங்கியது. ஒரு தோள் அகலம், ஒரு தோள் குறுகல்.

"விலை என்ன?" என்றான் ராஜா.

"நூறு பசுங்க, மகாராசா."

அரண்மனை உடுப்பறைக்குத் தலைவர் சிங்காரநாதர். அவருக்குத் தெரியாமல் ஒரு நூல்கூட அரண்மனைக்குள் வரக்கூடாது. துள்ளி எழுந்தார்.

"அடியே, பாதியில் விட்டதற்கு முழு விலையா?"

"முடிச்சாச்சுங்க ஐயா. தைக்க மூணு மாசம் ஆச்சு."

"மூன்று மாசமா! இதைச் செய்ய என் வீட்டு நாய்க்கு ஒரு நாழிகை போதும்!"

ராஜா அங்கியைத் தொடக் கை நீட்டினான். சிங்காரநாதர் குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, இந்தக் கந்தல் தங்கள் திருமேனியில் படலாமா?"

அந்த நேரம் பார்த்துக் கழுத்துத் தையல் ராஜாவை நறுக்கென்று அறுத்தது. கோபம் வந்துவிட்டது.

"சிங்காரநாதரே, எட்டு நாளில் இதே மாதிரி ஒன்று தைத்துக் கொண்டுவாரும். எனக்கு வித்தியாசம் தெரியாவிட்டால், இவள் என் சீமையில் இனி ஊசியைத் தொடக்கூடாது. தெரிந்துவிட்டால், நூறு பசுவும் உம்முடைய தொழுவத்திலிருந்து போகும்!"

சீராயிக்கு ஊசியை விட்டால் வேறு பிழைப்புக் கிடையாது. முந்தானையில் குத்தியிருந்த ஊசியை விரலால் தடவிக்கொண்டாள்.

எட்டாம் நாள் இரண்டு அங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். ராஜா சுற்றிச் சுற்றி வந்தான். தொங்குகிற நூலை எண்ணினான். இதில் இருபத்து மூன்று, அதிலும் இருபத்து மூன்று. அதே கோணல் தோள். சிங்காரநாதர் மீசையைத் தடவினார். "தெரியவில்லை" என்ற சொல் ராஜாவின் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

மந்திரி தெய்வச்சிலையார் மெல்லக் கனைத்தார்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். அங்கியைக் கண்ணிலா மாட்டிக்கொள்கிறோம்?"

"உடம்பில்தான். இதென்ன கேள்வி?"

"அப்படியானால் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். உடம்பே சொல்லட்டும்."

கண்ணைக் கட்டி முதல் அங்கியைப் போட்டார்கள். பத்து மூச்சு விடுவதற்குள் கழுத்தில் அறுத்தது, தோளில் குத்தியது. ராஜாவின் பல் தன்னாலே இறுகியது. "கழற்று!"

அப்புறம் சத்தமே இல்லை. ராஜா காத்திருந்தான்.

"அடுத்ததைப் போடுங்களேன், எவ்வளவு நேரம்?"

"போட்டாயிற்று, மகாராஜா," என்றார் மந்திரி.

ராஜாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது. எங்கும் அறுக்கவில்லை, எங்கும் குத்தவில்லை. வலக்கையை மெல்லத் தூக்கினான். போர் முடிந்து ஆறு வருஷமாகத் தோளுக்கு மேலே போகாத கை அது. தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தலைக்கு மேலே போய் நின்றது. அந்தக் கையாலேயே கண்கட்டை அவிழ்த்தான்.

"இதை நான் வைத்தியரிடம்கூடச் சொன்னதில்லையே! உனக்கு எப்படியம்மா தெரியும்?"

"மூணு வருசமாத் தேரோட்டத்துல பார்க்கிறேன் சாமி. எல்லாரும் உங்க முகத்தைப் பார்த்தாங்க, நான் தோளைப் பார்த்தேன். இடக்கையாலதான் பூ வீசினீங்க. கழுத்தை ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கிட்டீங்க. அதான் வலத்தோளை அகலமா விட்டேன், உடம்புல படுற பக்கம் ஒரு தையலும் வைக்கலை. உடம்பு நோகுற தையலை வெளியே வெச்சா ஊர் சிரிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும்."

மந்திரி அந்த முதல் அங்கியை உள்பக்கம் திருப்பினார். உள்ளே பழையபடி தையலும் முடிச்சும். கோணல் தோளுக்கு ஒரு தடித்த மடிப்பு. பிய்ந்த ஓரமெல்லாம் மேலே ஒட்டவைத்துத் தைத்த வெறும் துண்டுகள்.

சிங்காரநாதர் சொல்லி அதைத் தைத்த அரண்மனைத் தையல்காரர் தலைகுனிந்தார். "மன்னிக்கணும் மகாராஜா. நாங்கள் ஏழு தலைமுறையாகத் தைப்பவர்கள். தையலை வெளியே காட்டுவது கோவணமில்லாமல் தெருவில் நிற்பது மாதிரி. கை வரவில்லை."

சிங்காரநாதர் இன்னும் விடவில்லை. "இருக்கட்டும், அதற்காக நூறு பசுவா? இதே அங்கியை எனக்கு என்ன விலைக்குக் கொடுப்பாய்?"

"உங்களுக்குன்னா ஒரு கோழிமுட்டைகூட வாங்க மாட்டேனுங்க ஐயா. உங்க உடம்புக்கு அது கந்தல்தான்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். அவன் பல்லைச் சபை அன்றுதான் பார்த்தது. "பசுக்களை ஓட்டி வாருங்கள். சிங்காரநாதரே, உம்முடைய அங்கியை ஒரு மாசம் நீரே போட்டுக்கொண்டு சபைக்கு வாரும். சொறியாமல் உட்கார வேண்டும். மழை விஷயம், ஜாக்கிரதை!"

ஒன்பதாம் நாள் சீராயி வீட்டு வாசலில் யாரோ நெளிந்துகொண்டு நின்றார். சிங்காரநாதர்!

"அம்மா... எனக்கும் ஒன்று... விலை என்ன சொல்வாய்?"

சீராயி ஊசியில் நூல் கோத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல்ல இந்தத் தெருவுல கொஞ்சம் நடங்க ஐயா. நான் பார்க்கணும்."

நடந்தார். அடுத்த நாளும் நடந்தார். மூன்று மாசம் நடந்தார் என்று அந்தச் சீமையில் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த வருஷம் மழையும் குறைவில்லாமல் பெய்ததாம்.