மைனாவுக்குத் தேன் கொடுத்த கரடி

பள்ளக்காட்டில் கடம்பன் என்று ஒரு கரடி வண்டிப் பட்டறை வைத்திருந்தது. மாடப்பன் என்ற உடும்பு அதற்குக் கூட்டாளி. கரடி மரம் அறுக்கும். உடும்பு சக்கரம் செதுக்கும். எலிக்குச் சின்ன வண்டி, பன்றிக்குப் பெரிய வண்டி என்று எல்லா அளவிலும் அங்கே வண்டி கிடைக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளக்காட்டு மிருகங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு மேட்டுப்பாறைக்கு ஏறிவிடும். மழை பிடித்துவிட்டால் ஆறு பள்ளத்துக்குள் புகுந்துவிடும் அல்லவா? அதனால் புரட்டாசி மாதத்தில்தான் வண்டி வியாபாரம்.

யார் வந்தாலும் உடும்புதான் எதிரே போய்ப் பேசும். "வாங்க, வாங்க! யாரை ஏத்தணும்? எவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்கும். வண்டியை இழுத்துப் பார்க்கச் சொல்லும். பொருந்தாவிட்டால், "இது உங்களுக்குச் சரிப்படாதுங்க" என்று அதுவே சொல்லிவிடும். மெதுவான வியாபாரம்தான். ஆனாலும் மழைக்கு முன்னால் எல்லா வண்டியும் போய்விடும்.

அந்த வருடம் மஞ்சமூக்கி என்ற மைனா பட்டறைக்கு வந்தது.

"முதலாளி! இவ்வளவு நல்ல வண்டியை வெச்சுக்கிட்டு இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கீங்களே! சாயங்காலம் ஆனா காடே ஆலமரத்தடியில கூடி எங்க பேச்சைத்தான் கேட்குது. ஒரு அடை தேன் கொடுங்க. உங்க வண்டியைப் பத்தி நூறு காதுல போடுறோம்!"

"எல்லாருக்கும் வண்டி எதுக்கு?" என்றது கரடி.

"அங்கேதான் எங்க சாமர்த்தியம்! ஒருத்தர் ஒரு தரம் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தா போதும். அவர் எந்த வளையில இருக்கார், எங்கே தண்ணி குடிக்கிறார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். போற இடமெல்லாம் பின்னாலேயே போய்க் கூவுவோம்!"

கரடிக்கு வாயெல்லாம் பல். ஒரு அடை தேனை அப்போதே எடுத்துக் கொடுத்தது.

மறுநாள் காடு முழுக்க ஒரே கூச்சல். "கடம்பன் வண்டி! கனமில்லாத வண்டி! மழைக்கு முன்னால வாங்குங்க!" சாயங்காலம் மைனா வந்து சொன்னது: "முதலாளி! இன்னைக்கு மட்டும் இருநூறு தலை திரும்பிச்சு!"

இருநூறு தலை! கரடிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் மூன்று அடை தேன் கொடுத்தது.

திரும்பிய தலைகள் யாருடையவை தெரியுமா? முக்கால்வாசி குரங்குகள்! மரத்துக்கு மரம் தாவுகிற குரங்குக்கு வண்டி எதற்கு? ஆனால் மைனாவுக்குத் தலை திரும்பினால் தேன். வண்டி விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? குரங்குகளும் கும்பல் கும்பலாகப் பட்டறைக்கு வந்தன. வண்டிமேல் ஏறிக் குதித்தன. சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சிரித்தன. பிறகு போய்விட்டன.

"கூட்டத்தைப் பார்த்தாயா மாடப்பா!" என்று பூரித்தது கரடி.

"கூட்டம் சரி. ஒரு வண்டியாவது நகர்ந்துச்சா?"

"நகரும், நகரும். இன்னும் தேன் வேணும். நீ மலை இடுக்குக்குப் போய்த் தேன் எடுத்துட்டு வா."

உடும்புக்குச் சுருக்கென்றது. "நான் போயிட்டா வர்றவங்ககிட்ட யார் பேசுறது?"

"வரவழைக்கிறதுதான் கஷ்டம். வந்தவங்க தானா வாங்கிப்பாங்க. போ!"

உடும்பு தலையில் அடித்துக்கொண்டு போயிற்று.

ஆற்றங்கரை வளையில் சிவத்தி என்ற கீரி குடியிருந்தது. அதன் புருஷன் வேலாண்டிக்குப் பாறை விழுந்து பின்னங்கால் இரண்டும் நொறுங்கியிருந்தன. நகர முடியாது. தோளில் சுமக்கச் சிவத்திக்குப் பலம் போதாது. மூன்று குட்டிகள் வேறு. ஒரு சின்ன வண்டி கிடைத்தால்தான் வேலாண்டி மேட்டுக்குப் போக முடியும்.

சிவத்தி ஆலமரத்தடியில் ஒரே ஒரு தரம், "சின்ன வண்டி இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டது. அவ்வளவுதான்! அன்றிலிருந்து மைனாக்கள் அதை விடவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும், "கீரியக்கா! வண்டி!" வளைக்குள் படுத்தாலும், "கீரியக்கா! வண்டி!"

வேலாண்டி சிரித்தது. "இவ்வளவு கூப்பிடுறாங்களே, போய்க் கேட்டுட்டுத்தான் வாயேன்."

சிவத்தி பட்டறைக்குப் போனது. கரடி மைனாவோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு சின்ன வண்டி வேணும். வர்ற கோடை முழுக்க உங்க பட்டறைப் பக்கம் ஒரு பாம்பு அண்டாம பார்த்துக்கிறேன். அதுதான் என்னால கொடுக்க முடியும்."

நல்ல விலைதான். பாம்புக்குப் பயந்து கரடி பட்டறையில் படுப்பதே இல்லை. ஆனால் அதன் காதில் எதுவும் ஏறவில்லை. "நாளைக்கு வா தங்கச்சி. முக்கியமான பேச்சு நடக்குது," என்றது.

மறுநாள் போனபோது பட்டறை முழுக்கக் குரங்குகள். கீரி கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. "அண்ணே! அண்ணே!" கரடி தலைகளை எண்ணிக்கொண்டிருந்தது. சிவத்தியையும் ஒரு தலையாக எண்ணிவிட்டு அடுத்த தலைக்குப் போய்விட்டது. சண்டாளக் கரடி!

அதற்கடுத்த நாள் வானம் கறுத்தது. சிவத்தி ஓட்டமாக ஓடியது. பட்டறையில் ஒருவரும் இல்லை. தேன் போதவில்லை என்று கரடியும் உடும்போடு மலை இடுக்குக்குப் போயிருந்தது. சின்ன வண்டி ஓரமாக நின்றது. சிவத்தி அதன் ஏர்க்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. லேசாக வந்தது. தனக்கென்றே செய்தது போல இருந்தது.

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கேட்காமல் அடுத்தவர் பொருளை எடுத்துப் பழக்கமில்லாத கீரி அது. "அண்ணே! கடம்பண்ணே!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டது. கூரைமேல் இருந்த மைனாதான் பதில் சொன்னது: "கீரியக்கா! வண்டி! மழைக்கு முன்னால வாங்குங்க!"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சிவத்தி வெறுங்கையோடு வளைக்கு ஓடியது. வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"குட்டிகளைத் தூக்கிக்கிட்டுப் போ," என்றது வேலாண்டி.

"உங்களை விட்டுட்டா?"

"போய் விட்டுட்டு வா. நான் எங்கே போகப் போறேன்?"

ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டை முதுகில் ஏற்றிக்கொண்டு சிவத்தி மேட்டுப்பாறைக்கு ஏறியது. குட்டிகளை ஒரு பொந்தில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தது. வளை இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அடப் பாவமே! அது கரையில் நின்று கதறியதை யாராலும் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

மூன்று நாள் கழித்து மழை விட்டது. பட்டறை மேட்டோரம் இருந்ததால் தப்பித்தது. எல்லா வண்டியும் அப்படியே நின்றன. ஒன்றுகூட விற்கவில்லை. வண்டிக்கு வந்த மிருகங்கள் பேச ஆளில்லாமல் திரும்பி, மூட்டையைச் சுமந்தே மேடு ஏறியிருந்தன. மைனா வந்து, "முதலாளி! இந்த மாசம் நாலாயிரம் தலை!" என்றது. உடும்பு ஒரு கல்லை எடுத்து வீசியது.

"அந்தக் கீரிப் பொண்ணு சின்ன வண்டி கேட்டு மூணு தரம் வந்திருக்கு," என்றது உடும்பு. "மேட்டுப்பாறையில எல்லாரும் சொல்றாங்க. அவ புருஷன் போயிட்டான் கடம்பா."

கரடி யோசித்துப் பார்த்தது. மூன்று தரம்! தனக்கு ஒரு முகம்கூட நினைவில்லையே! சின்ன வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு மேட்டுப்பாறைக்கு ஏறியது. சிவத்தி பொந்து வாசலில் குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி... உன் வண்டி. ஒண்ணும் தர வேணாம். வெச்சுக்கோ."

சிவத்தி வண்டியைப் பார்த்தது. சக்கரத்தைப் பார்த்தது. பிறகு கரடியின் முகத்தைப் பார்த்தது.

"இனி யாரை ஏத்த அண்ணே?" என்று கேட்டது.

கரடி வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனது.

நம்பி வாசலுக்கு வந்தவரிடம் நின்று ஒரு வார்த்தை பேச முடியாதவர், ஊரைக் கூவி அழைக்கக் கூடாது.